சீர்வரிசைக் கம்ப்யூட்டர்

கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உட்கார்ந்துகொள்ளேன், தங்கச்சி. கோபித்துக்கொள்ளாதே. மடியில் இருக்கிற இந்த அட்டைப்பெட்டி நசுங்கிவிடக் கூடாது. உள்ளே காத்தாடி இருக்கிறது. ஆமாம், காத்தாடிதான். கம்ப்யூட்டருக்குள் சுற்றுகிற காத்தாடி. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஆனால் சுற்றும்போது வட்டமாக லைட் எரியும், சிவப்பு, பச்சை, ஊதா என்று மாறி மாறி. அதுதான் இதில் விசேஷம்.

இந்த பஸ் சங்கரன்கோவிலுக்கு எப்போது போய்ச் சேரும், உனக்குத் தெரியுமா? தெரியாதா? கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். இன்னொரு தடவை கேட்டால் கடித்துவிடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் செல்போன் கடைக்காரர் வந்துவிடுவாராம். அவர் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறப்பதற்குள் நான் போய் நிற்க வேண்டும். திறந்துவிட்டால் என் மகள் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அவள் செய்கிற வேலையும் அன்றோடு நின்றுபோகும். அதுதான் எனக்குப் பதற்றம். காலையிலிருந்து ஒரு வாய்க் காப்பி இறங்கவில்லை.

இரு, முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

எனக்குக் கோவில்பட்டி. வீட்டில் இட்லி மாவு ஆட்டி விற்கிறேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், இந்த மாதம் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒரே மகள், தாரணி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவளைக் காலேஜ் வரைக்கும் அனுப்பினேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? கல்யாண வீடியோ எடிட்டிங். ஊரில் ஒரு ஸ்டூடியோவில் உட்கார்ந்து, யாரோ வீட்டுக் கல்யாணத்தை வெட்டி வெட்டி ஒட்டுவாள். தாலி கட்டுகிற இடத்துக்கு மேளத்தைச் சேர்ப்பாள். பந்தியில் வாயைப் பிளந்துகொண்டு சாப்பிடுகிற ஆட்களை எடுத்துவிடுவாள். நல்ல பெயர் அவளுக்கு. "தாரணி கை பட்டால்தான் கல்யாணம் கல்யாணமாகத் தெரியும்" என்று ஸ்டூடியோக்காரரே சொல்வார்.

சங்கரன்கோவிலில் இருந்து சம்பந்தம் வந்தபோது அவள் ஒன்றுதான் சொன்னாள், "வேலையை விடமாட்டேன்." பெண் பார்க்க வந்தவர்களிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா? ஆனால் சம்பந்தியம்மா நல்ல மாதிரி. "வீட்டுல இருந்தே செய்யட்டும் மதினி, எனக்கென்ன?" என்றுவிட்டார். மாப்பிள்ளை இசக்கிராஜா கூட்டுறவு வங்கியில் இருக்கிறார். அவரும் தலையை ஆட்டினார். சங்கரன்கோவிலில் இரண்டு ஸ்டூடியோக்காரர்கள் வேலை தருகிறோம் என்று சொல்லியும் ஆயிற்று. ஒரே ஒரு குறை, அவளுக்குச் சொந்தமாக மிஷின் கிடையாது. ஸ்டூடியோவில் இருந்தது ஸ்டூடியோக்காரருடையது.

அப்போதுதான் நான் சொன்னேன், "கட்டில், பீரோவோட சேர்த்து கம்ப்யூட்டரையும் சீரா வச்சிருதேன்டி." அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள் தங்கச்சி. பெரிய பெண்ணான பிறகு அவள் என்னைக் கட்டிப்பிடித்தது அன்றைக்குத்தான். பார்த்துக்கொள், அந்த யோசனை என்னுடையது. மற்றதெல்லாம் மறந்துபோகலாம், இதை மறக்கக் கூடாதில்லையா?

இந்த பஸ் ஏன் நிற்கிறது? ஆளே இல்லை, எதற்கு நிறுத்துகிறார்? ஓ, முட்டைக்கோஸ் மூட்டையா. ஏற்றட்டும், ஏற்றட்டும்.

திருநெல்வேலியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. ஸ்டீபன் என்று ஒரு தம்பி வைத்திருக்கிறார். இந்த மிஷினை டிவி வாங்குவது போல ஒரே பெட்டியாக வாங்க முடியாதாம். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கிச் சேர்க்க வேண்டுமாம். மூளை மாதிரி ஒன்று, பிராசஸர். ஞாபகத்துக்கு ஒன்று, ரேம். சேர்த்து வைக்க ஒன்று. படத்தை வேகமாகக் காட்டுவதற்கு ஒன்று, அது கிராபிக்ஸ் கார்டு, அதுதான் இருப்பதிலேயே கொழுத்த சாமான். இத்தனையும் வைக்க ஒரு பெட்டி.

தாரணி ஜவுளிக்கடையில் முகூர்த்தப் பட்டு எடுப்பது போலப் பார்த்தாள். இல்லை, முகூர்த்தப் பட்டைக் கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டாள், இதற்குத்தான் அரை நாள். டிவி மாதிரி இருக்கிறதே, மானிட்டர், அதை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி ஒரே கல்யாணப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள்.

"அண்ணே, இதுல அரக்கு செங்கல் கலரா தெரியுது. வேற போடுங்க."

"செங்கலா? எனக்கு ரெண்டும் சிவப்பாத்தான்மா தெரியுது."

"உங்களுக்கு அப்படித் தெரியும். கல்யாணப் பொண்ணோட அம்மாவுக்கு அப்படித் தெரியாதே. என் பட்டு எங்கடின்னு வீடு தேடி வந்து சண்டை போடுவாங்க."

ஸ்டீபன் சிரித்துக்கொண்டே வேறு மானிட்டர் போட்டார். கடைசியில் எல்லாம் முடிந்து கேபினட்டுக்கு வந்தது. அதுதான் வெளிப்பெட்டி. அவள் ஒன்றைக் கை காட்டினாள் பார், கருப்பாக, நெடுநெடுவென்று, முன்னால் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு பெட்டி.

"இதென்னடி, எண்ணெய் டின்னு மாதிரி இருக்கு. இதையா மண்டபத்துல வைக்கது?"

"மண்டபத்துல வைக்கவாம்மா வாங்குதோம்? வேலை செய்ய வாங்குதோம். காத்து போகணும், அவ்வளவுதான்."

"சீர்னா நாலு பேர் பார்க்கணும்டி."

"பார்த்துட்டு? அந்த நாலு பேரும் வந்து எனக்கு எடிட் பண்ணித் தரப்போறாங்களா?"

இப்படித்தான் பேசுவாள். வாய். அவளுக்கென்ன தெரியும்? என் கல்யாணத்தில் சீர்ப் பாத்திரம் பரப்பியிருந்த பாயை என் நாத்தனார் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மிச்சம் வண்டியில இருக்கா?" என்று கேட்டாள். மண்டபமே சிரித்தது. மிச்சம் எங்கே இருந்தது? அவ்வளவுதான் சீர். அந்த நாத்தனார்தான் தாரணி கல்யாணத்துக்கும் முன் வரிசையில் உட்காரப் போகிறாள். இதையெல்லாம் கல்யாணப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

அங்கேயே ஓரமாக இன்னொரு பெட்டி இருந்தது. பக்கவாட்டில் முழுக்கக் கண்ணாடி. முன்னால் மூன்று காத்தாடி, மூன்றிலும் லைட். ஸ்டீபன் சுவிட்சைப் போட்டதும் கடையே கோயில் கொடைத் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

தாரணி பக்கத்துத் தெருவில் ஜாக்கெட் வாங்கிவரப் போனாள். நான் கடையிலேயே இருந்தேன்.

"தம்பி, அந்தக் கண்ணாடிப் பெட்டியப் போட்டுருங்க."

"யம்மா, அதைப் போட்டா கார்டு சிறுசாகணும். ரெண்டும் நீங்க சொன்ன பணத்துக்குள்ளதான வரணும்? பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க."

"பெத்தவ நான் சொல்லுதேன். அவளுக்கு என்ன கேக்கணும்?"

"கார்டு சிறுசானா வீடியோ மெதுவா வரும்மா."

"மெதுவா வந்தா என்ன? எங்க ஓடப்போகுது? மாவே மெதுவா ஆட்டினாத்தான் தம்பி நல்லா பொங்கும்."

அவர் பெரிய கார்டை எடுத்துவிட்டுச் சின்னதை வைத்தார். நியாயமான பேச்சு, எப்படிப் பதில் சொல்வார்? தாரணி திரும்பி வந்தபோது அவர் ஏதோ ஒயரைச் சுற்றிக்கொண்டு குனிந்தே இருந்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. மண்டபத்தில் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று வைத்திருந்தேன்.

மண்டபத்தில் நீ பார்த்திருக்க வேண்டும். கட்டில், பீரோ, கிரைண்டர், வெண்கலப் பானை, நடுவில் அது. பந்தல்காரரிடம் சொல்லித் தனியாக ஒயர் இழுத்து லைட்டைப் போடச் சொன்னேன். பிள்ளைகள் மேடைப் பக்கமே போகவில்லை, அதைச் சுற்றித்தான் நின்றன. என் நாத்தனார் வந்தாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்கவே இல்லை தங்கச்சி!

தாலி கட்டி முடிந்து, தாரணி கூரைப்புடவையோடு மாப்பிள்ளை பின்னால் வந்தாள். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் நின்றாள். குனிந்தாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் உள்ளே பார்த்தாள். பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளே இருக்கிற சாமானெல்லாம் கண்ணாடியில் பளிச்சென்று தெரியும், கார்டு உட்பட. "பொண்ணு பூரிச்சுப் போச்சே" என்று சுற்றி இருந்தவர்கள் சொன்னார்கள். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது அவளுக்கு. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அழகா இருக்கும்மா" என்றாள். அவள் வாயால் அவளே சொன்னாள். இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை.

இப்போது எந்த ஊர்? கழுகுமலையா? இன்னும் பாதி தூரமா? கொஞ்சம் உன் செல்போனில் மணி பாரேன். என்னுடையதைப் பைக்குள் எங்கேயோ போட்டுவிட்டேன்.

கல்யாணம் முடிந்த பிறகு அவள் போன் பண்ணினால் ஒரே பாட்டுத்தான். மிஷின் நிற்கிறது, மிஷின் நிற்கிறது. "ஒரு பாட்டுக் கோர்க்கச் சொல்லிட்டு, பால் காய்ச்சி, குழம்பு வச்சு, துணியும் துவைச்சுட்டு வந்து பாக்குதேன், இன்னும் பாதியிலயே நிக்குதும்மா."

"நல்லதாப் போச்சுல்லா? வீட்டு வேலையும் முடிஞ்சுருதே" என்றேன். நல்ல வார்த்தைதானே? போனை வைத்துவிட்டாள்.

பிறகு ஒரு ஸ்டூடியோக்காரர் கொடுத்த வேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். அதுவும் அவள் சொல்லவில்லை, மாப்பிள்ளை பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் போன் பண்ணுவது குறைந்துவிட்டது. நான் பண்ணினால், "சாப்பிட்டியா, அப்பா வந்தாரா, சரி வைக்கவா?" இவ்வளவுதான். பெற்றவளிடம் பேச்சு அவ்வளவுதானா? எனக்குத் தூக்கமே போயிற்று. மாவு இரண்டு நாள் புளித்துவிட்டது, வாடிக்கைக்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

பொறுக்காமல் சித்திரையில் ஒரு நாள், வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனேன். ஹாலில் நுழைந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். மேசை போட்டு, துடைத்து, ஜம்மென்று வைத்திருந்தார்கள். மூன்று லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. மனசு குளிர்ந்துவிட்டது. ஒன்றுதான் உறுத்தியது, கண்ணாடிப் பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள்.

"ஏன்டி இப்படித் திருப்பி வச்சிருக்கே?"

"தூசி படியும்மா."

அவள் பின்கட்டில் சமையலறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு கருப்புப் பெட்டி, எண்ணெய் டின் மாதிரி. அதில் ஏதோ கல்யாணம் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இவள் விரல் பட்ட இடத்தில் நின்றது, விட்ட இடத்தில் ஓடியது. "இது யாரு மிஷினு?" என்று கேட்டேன். "வேலைக்கு உள்ளது" என்று சொல்லிவிட்டு அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சம்பந்தியம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். எனக்குச் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. வாங்கிக் கொடுத்த கண்ணாடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதை எப்படிப் பொறுப்பது? போய்ப் பெட்டியைப் பிடித்துத் திருப்பினேன். மண்டபத்துக்கு இரண்டு ஆள் தூக்கி வந்த பெட்டி, நான் லேசாக இழுத்ததுமே திரும்பிவிட்டது.

உள்ளே ஒன்றும் இல்லை.

விருந்தாளிகள் எல்லாரும் போன பிறகு மண்டபம் இருக்குமே, அது மாதிரி. லைட்டுக்கு மட்டும் ஒரு சின்னக் கரண்ட் பெட்டி, நாலு ஒயர். மற்ற சாமானெல்லாம் போய்விட்டன. நான் போட்ட சத்தத்தில் தாரணி ஓடி வந்தாள்.

"கத்தாதம்மா. இதுல காத்து போகாம சூடாகுது, அதான் எல்லாத்தையும் பின்னால அந்தப் பெட்டிக்கு மாத்தியாச்சு. சின்னக் கார்டைக் குடுத்துட்டு இவங்க போய்ப் பெரிய கார்டு வாங்கிட்டு வந்தாங்க. இப்பத்தான் வேலை ஓடுது. போன ஸ்டூடியோகூடத் திரும்பி வந்துட்டாங்க."

"சீர் சாமானைப் பிரிச்சுட்டியேடி! உன் மாமியார் பார்த்தா என்ன நினைப்பாங்க? பொண்ணு வீட்டுக்காரங்க வெறும் கூட்டுக்கு லைட்டு மாட்டி அனுப்பிட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா? இந்த வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

"உன் மாமியார் காதுக்கு இது போகவே கூடாது. என் மேல சத்தியம்" என்றேன்.

"சரிம்மா" என்றாள். இரண்டு பேருமாகப் பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தோம். அன்றிலிருந்து இந்த ரகசியத்தைச் சுமந்துகொண்டு திரிகிறேன். உன்னிடம்தான் முதன்முதலில் சொல்கிறேன், நீ யாரோ எவரோ என்பதால்.

நேற்றுச் சம்பந்தியம்மா போன் பண்ணினார். "மதினி, வெள்ளிக்கிழமை வாரேன்னீகள்லா? அந்த லைட்டுப் பெட்டியில ஒரு லைட்டு விட்டு விட்டு எரியுது. செல்போன் கடைக்காரரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். திறந்து என்னன்னு பாக்கட்டும்."

திறந்து பார்க்கட்டும் என்கிறார்! "திறக்காதீக மதினி, நான் புதுசே வாங்கிட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னேன். தாரணிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. வேலையில் இருந்தால் போனைத் தூர வைத்துவிடுவாள். இன்று காலையில் எங்கள் ஊரிலேயே ஒரு கம்ப்யூட்டர் கடை திறக்கும்வரை ஷட்டருக்கு முன்னால் நின்று, இந்தக் காத்தாடியை வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறினேன். நான் போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டால் போதும். "பெண் வீட்டுச் சீர், நாங்களே பார்த்துக்குவோம்" என்று சொல்லிக் கடைக்காரரை அனுப்பிவிடுவேன். தாரணி மாட்டிவிடுவாள். யாருக்கும் ஒன்றும் தெரியாமல்...

என் போனா அடிக்கிறது? பைக்குள் பாரேன், அந்த ஓரத்தில். ஐயோ, சம்பந்தியம்மா. திறந்துவிட்டார்கள் போல.

"சொல்லுங்க மதினி... ஆமா, கழுகுமலை தாண்டியாச்சு... வந்துட்டாரா? மதினி, மதினி, கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க, நான் இந்தா வந்துட்டேன்... என்னது?... யாரு?... எப்போ?... நீங்களா?... சரி... இல்ல, இல்ல, கோவமெல்லாம் இல்ல... அப்புறம் எதுக்கு மதினி அதை அங்க வச்சிருக்கீக? எடுத்துப் பரண்ல போட்டுற வேண்டியதுதான?... ம்... ம்... சரி... சாப்பாடெல்லாம் வேண்டாம்... சரி, வாரேன்."

வைத்துவிட்டார்.

இல்லை, ஒன்றும் இல்லை தங்கச்சி. தண்ணீர் வேண்டாம். நன்றாகத்தான் இருக்கிறேன்.

கடைக்காரர் வந்து திறந்தாராம். உள்ளே காலியாக இருப்பதைப் பார்த்து அவர்தான் பதறினாராம். சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே சொல்கிறார், "எனக்குத் தெரியாதா மதினி? பிரிக்கும்போது ராஜா ஸ்க்ரூ கழட்டுனான், டார்ச் பிடிச்சது நான்தான். பிள்ள வேலை ஓடாம அழுதுக்கிட்டு இருந்தா, பாத்துக்கிட்டா இருக்க முடியும்?" என்று. அழுதாளாம். என்னிடம் ஒரு நாளும் அழவில்லையே அவள்.

பிறகு எதற்கு அந்த லைட் என்று கேட்டேன், உன் காதிலும் விழுந்திருக்கும். அந்த மேசையில் தையல் மிஷினை வைக்கலாம் என்றுதான் சம்பந்தியம்மா சொன்னாராம். தாரணி விடவில்லையாம். "அம்மா வந்தா முதல்ல அதைத்தான் பார்ப்பா. எரியலன்னா முகம் வாடிரும். இருந்துட்டுப் போகட்டும் அத்தை" என்றாளாம். மற்ற நாளெல்லாம் அணைத்துத்தான் கிடக்குமாம். நான் வருகிறேன் என்று சொன்னால் துடைத்து பிளக்கைப் போடுவார்களாம். அப்படிப் போட்டுப் பார்த்தபோதுதான் ஒன்று சரியாக எரியவில்லையாம். நான் வருவதற்குள் சரிசெய்யத்தான் கடைக்காரரை வரச் சொன்னாராம்.

எனக்காகவாம் தங்கச்சி. எனக்கு எதற்கு லைட்? நான் மாவு ஆட்டுகிறவள். நான் என் வீட்டில் எரியாத ட்யூப்லைட்டையே மாற்றாமல் கிடக்கிறேன். நாலு பேருக்காக வாங்கினேன், அந்த நாலு பேரில் ஒருத்தர்கூட அந்த வீட்டுக்கு இன்னும் வரவில்லை. எனக்காக எரிகிறதாம்!

எதிரே வருகிற பஸ்ஸில் ஏறித் திரும்பிவிடலாமா என்று இருக்கிறது. ஆனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மா சோறு வடித்திருப்பார். தாரணிகூட இந்நேரம் வேலையை விட்டு எழுந்து வாசலுக்கு வந்திருப்பாள்.

நான் உள்ளே நுழைந்ததும் இரண்டு பேரும் என் முகத்தைத்தானே பார்ப்பார்கள்? அந்தப் பெட்டி எரிந்துகொண்டிருக்கும். மூன்றுமோ, இரண்டோ. அதைப் பார்த்துவிட்டு நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், நீ சொல்லேன். சீக்கிரம் சொல்லு, ஊர் வந்துவிட்டது.